இறந்த மூவரும் ஓட்டுப் போட்டார்கள்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபதுக்கு என் தோழிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மூன்றே வரி. அவள் எழுதிய விளையாட்டுக்குப் பதிவான வாக்குகளில் முறைகேடு தெரிகிறது, அதனால் அது விருதுப் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது, இந்த முடிவு இறுதியானது. ஏழு நாற்பதுக்கு அவள் அதை எனக்கு அனுப்பினாள், தன் பங்குக்கு ஒரு சொல்லும் சேர்க்காமல். எட்டு மணிக்கு நான் தொழிற்சாலைக் கிடங்கில் கையெழுத்துப் போட வேண்டியவன். அன்று எட்டு ஐந்துக்குப் போட்டேன்.

நிமிடக் கணக்கோடு எழுதுவதற்குக் காரணம் உண்டு. மலேசியாவில் எங்கள் ஊரான பத்து பாகாட்டில் இந்தக் கதை இப்போது வேறு மாதிரி உலவுகிறது. முடிவெட்டும் கடையில் கேட்டேன், ஒரு கல்யாண மண்டபத்தில் கேட்டேன், வாட்சாப்பில் எட்டுத் தடவைக்கு மேல் வந்தது. "வெள்ளக்காரன் நம்ம தமிழ்ப் பொண்ண ஜெயிக்க விடல." சொல்பவர்கள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சொல்கிறார்கள். அதில் ஒரு சுகம் இருக்கிறது போலிருக்கிறது. அது பொய். அவளைப் பட்டியலிலிருந்து தள்ளிவிட்டது எங்கள் ஊர்த் தமிழர் சங்கம். அதற்கான ஆயுதத்தை எடுத்துக் கொடுத்தவன் அந்தச் சங்கத்தின் செயலாளர். பதினோரு வருடமாக அந்தப் பதவியில் இருந்தவன் நான்.

விளையாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இது திடலில் ஆடுவதில்லை, திரையிலும் ஆடுவதில்லை. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்துவது. நடுவில் பகடை உருளும். என்ன செய்யலாம், எது நடக்காது என்பதை ஒரு சிறு புத்தகம் சொல்லும். ஆங்கிலத்தில் ரோல்பிளேயிங் கேம் என்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் செங்கல் கனத்தில் வண்ணப் படங்களோடு இந்தப் புத்தகங்களை விற்கின்றன. என் தோழியைப் போன்றவர்கள் தாங்களே எழுதி, தாங்களே வடிவமைத்து, இணையத்தில் தாங்களே விற்கிறார்கள்.

அவள் எழுதியது முப்பத்தாறு பக்கம். பெயர் 'இறங்கி நட'. ஒரு பக்கம் தமிழ், எதிர்ப்பக்கம் ஆங்கிலம். ஆறு வருடம் ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்த்தவள் அவள். இப்போது பத்து பாகாட்டில் ஒரு துணி ஆலையில் தரம் பார்க்கும் வேலை. அவளுடைய விளையாட்டில் எல்லோரும் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்ட ஒரு பஸ்ஸின் பயணிகள். ஒவ்வொருவருக்கும் அக்கரையில் ஒரு அவசரம், யாரிடமும் சொல்லாத ஒரு சங்கதி. பகடை நன்றாக விழுந்தால் பஸ் நகரும். பொறுமை போனவர் இறங்கி நடக்கலாம். ஆனால் இறங்கியவரைப் பற்றி உள்ளே இருப்பவர்கள் என்ன பேசுகிறார்களோ, அது கதையில் உண்மையாகிவிடும். இந்த ஒரு விதிக்காகவே அந்தப் புத்தகத்தை நான் ஏழு முறை படித்தேன்.

ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து மறுபடி சனி, ஞாயிறுக்கு மாறிய பிறகு எங்களுக்கு ஞாயிறு மதியங்கள் கிடைத்தன. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடை. அதன் முதலாளியும் எங்களில் ஒருவர். ஊரே அவரைப் பாய் என்று கூப்பிடும். கடையின் மாடியில், அரிசி மூட்டைகளுக்கு இடையில், எங்கள் மேசை. தோழி, பாய், நான், நாலாவதாக ஒரு டியூஷன் வாத்தியார்.

முதல் ஆட்டத்தில் பாய்க்குச் சீட்டில் விழுந்த வேடம் எட்டு மாதக் கர்ப்பிணி.

"பாய், நீங்க புள்ளத்தாச்சி. ஏன் எந்திரிச்சி நிக்கிறீங்க?" என்றாள் தோழி.

"யாரு இடம் குடுத்தா? இந்தா இவரு தூங்கற மாதிரி நடிக்கிறாரு லா!" என்று என்னைக் காட்டினார்.

"நடிக்கல பாய். நான் நைட் ஷிப்ட் முடிச்ச ஆளு."

"நைட் ஷிப்ட் முடிச்சவன் காலைல சிங்கப்பூருக்கு ஏன்யா போறான்? திரும்பில்ல வருவான்! பொய்யி!"

என் வேடம் அந்த நிமிடமே சந்தேகத்துக்குரிய ஆளாகிவிட்டது. அடுத்த இரண்டு மணி நேரமும் பஸ்ஸே என்னைத் துருவியது. வயிறு வலிக்கச் சிரித்தோம். கடைசியில் பாய் இறங்கி நடந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அவர் போனபின் அவரைப் பற்றிப் பேச எங்களுக்கு வாய் வரவில்லை. நல்ல புத்தகம் படித்து முடித்ததும் வரும் அந்த அமைதி, அரிசி மூட்டைகளுக்கு நடுவில் வந்தது.

தைப்பூசத்துக்கு அடுத்த திங்கட்கிழமை, வெளிநாட்டு விருது ஒன்றின் இறுதிப் பட்டியல் வந்தது. நடுவர் கிடையாது. ரசிகர்கள் இணையத்தில் போடும் வாக்குதான் எல்லாம். சிறு வெளியீடுகளுக்கான பிரிவில் ஐந்து பெயர்கள். அதில் ஒன்று 'இறங்கி நட'. மின்னஞ்சல் முகவரி உள்ள எவரும் வாக்களிக்கலாம். ஏன் பிடித்தது என்று விரும்பினால் ஒரு வரி எழுதலாம். மூன்று வாரம் அவகாசம்.

இந்த முறையின் மேல் எனக்கு அப்போதே கோபம். 'சிறு வெளியீடு' என்ற பிரிவில் நின்ற மற்ற நால்வரில் இருவர் ஒன்றும் சிறியவர்கள் இல்லை. தங்கள் வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் கடிதம் அனுப்பி வாக்குக் கேட்டார்கள். அதில் எத்தனை பேர் மற்ற நான்கையும் புரட்டிப் பார்த்திருப்பார்கள்? ஒருவர் கையில் பெரிய முகவரிப் பட்டியல் இருந்தால் அதற்குப் பெயர் ரசிகர் ஆதரவு. இதை நான் மேசையில் கத்தினேன்.

"கத்தாதீங்க அண்ணே," என்றாள் தோழி. "நமக்கு ஓட்டு நாப்பது வந்தா போதும். ஆனா நாப்பது பேரும் வெளையாடியிருக்கணும். அந்த ஒரு வரியும் எழுதணும். அத வாசிக்கத்தான் நான் காத்திருக்கேன்."

அவளுக்கு அதில் என்ன கிடைக்கும் என்று பாய் கேட்டார். முதல்முறையாக முன்பின் தெரியாதவர்கள் தன் எழுத்தைப் பற்றிச் சொல்வது கிடைக்கும் என்றாள். துணி ஆலையில் தினமும் நூற்றுக்கணக்கான சட்டைகளைப் பார்த்து 'சரி', 'தள்ளு' என்று சொல்பவள். தன் வேலையை யாராவது அப்படிக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பரிசு என்பது ஒரு இணையப் பக்கமும் ஒரு முத்திரைப் படமும்தான், வேறொன்றுமில்லை.

ஆகவே நாங்கள் செய்தது இது. வார இறுதிகளில் மேசையைக் காரில் ஏற்றாத குறையாக விளையாட்டைப் பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோனோம். சாஆவில் ஒரு வீட்டு முன்கூடத்தில் இரண்டு ஆட்டம். ரெங்கத்தில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் ஒன்று. மற்றதெல்லாம் பாய் கடை மாடியில். ஆடி முடித்தபின், "பிடிச்சிருந்தா மட்டும் போடுங்க" என்று முகவரியைக் கொடுப்போம். சாஆவில் ஒருவர் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். தோழி அவருக்குத்தான் அதிகமாக நன்றி சொன்னாள். ஒவ்வொரு ஆட்டத்தின் தேதி, இடம், ஆடியவர்கள், யார் எப்போது இறங்கினார்கள் என்பதையெல்லாம் நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாவது வார முடிவில் வாக்களித்ததாகச் சொன்னவர்கள் முப்பத்தெட்டு பேர்.

அவர்களில் ஒருவர் எங்கள் ஊர்த் தையல் தொழிற்சாலையில் சட்டைக் கழுத்துப்பட்டை தைக்கும் அம்மாள். எங்கள் சங்கத்து உறுப்பினர். ஆட்டத்தில் முதல் ஒரு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. பிறகு திறந்தார், நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். தன் கைப்பேசியிலேயே, என் கண் முன்னால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அந்த ஒரு வரியை எழுதினார்: "இங்க என்னைய யாரும் அவசரப்படுத்தல." தோழி அதை எட்டிப் பார்த்துவிட்டு, பகடையை எடுக்கிற சாக்கில் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டாள்.

இது எப்படிச் சங்கத் தலைவர் காதுக்குப் போனது என்பதை நான் கண்டுபிடிக்கவில்லை. மூன்றாவது வாரப் புதன்கிழமை ஒரு படம் வாட்சாப்பில் சுற்றியது. தமிழினத்தின் பெருமை என்று மேலே. நடுவில் தலைவர், மாலையோடு, சென்ற ஆண்டு திருவிழாவில் எடுத்தது. வலப்பக்கம் செயற்குழுவினர் ஏழு பேர். கீழ் மூலையில், முகநூலிலிருந்து வெட்டி எடுத்த தோழியின் முகம், தபால்தலை அளவில். விளையாட்டின் பெயர் எங்கேயும் இல்லை.

அன்று மாலையே சங்கக் கட்டடத்துக்கு என்னைக் கூப்பிட்டார். தலைவர் கூரை வேலை எடுத்துச் செய்யும் குத்தகைக்காரர். நல்லது செய்யாதவர் என்று சொல்ல முடியாது. இழவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார்.

"செயலாளரே, இவ்ளோ பெரிய விசயம், நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தீங்களா?"

"சின்ன விசயந்தான் தலைவரே. ஆடிப் பாத்தவங்க போடுற ஓட்டு."

"அட, ஓட்டுன்னா ஓட்டுதான்யா. உறுப்பினர் லிஸ்ட்ட குடுங்க. ஈமெயிலோட."

"எதுக்கு?"

"தகவல் அனுப்பத்தான். வேற எதுக்கு?"

அந்தப் பட்டியல் எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் என் குற்றத்தின் அளவு தெரியும். ஊரடங்குக் காலத்தில் அரசாங்க உதவிக்கு இணையத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மின்னஞ்சல் கிடையாது. நான் உட்கார்ந்து எல்லோருக்கும் ஒன்று உருவாக்கினேன், சொந்தமாக வைத்திருந்தவர்களுக்கும் சேர்த்து. சங்கத்தின் பெயர், பிறந்த ஆண்டு, உறுப்பினர் எண் என்று எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பு. மறந்துவிடக் கூடாதென்று எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல். அழகாகத் தட்டச்சு செய்து, கடவுச்சொல்லைத் தலைப்பில் போட்டு, பதிவேட்டில் ஒட்டி வைத்தேன். அப்போது எல்லோரும் என் ஒழுங்கைப் பாராட்டினார்கள்.

எதுக்கு என்று ஒரு கேள்வி கேட்டேன், ஒரு பதில் கிடைத்தது, பட்டியலைக் கொடுத்தேன். ஏமாந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. முப்பத்தெட்டு நூறாகட்டுமே என்று மனத்தில் ஒரு மூலை நினைத்தது. அதை மறைத்தால் மற்ற தேதிகளையும் நேரங்களையும் யாரும் நம்ப வேண்டியதில்லை.

சனிக்கிழமை செயற்குழுவில் மூன்று பேர் சங்கத்துக் கணினியில் உட்கார்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக எல்லா மின்னஞ்சலையும் திறந்து, உறுப்பினர்கள் எல்லோருக்காகவும் ஓட்டுப் போட்டார்கள். காலை பத்திலிருந்து மாலை நாலு வரை, நடுவில் சாப்பாடு வரவழைத்து. காரணம் கேட்கும் இடத்தில் எல்லாவற்றிலும் ஒரே வரியை ஒட்டினார்கள்: வாழ்த்துகள், வெற்றி நமதே.

என் பட்டியலில் இருந்தவர்களில் மூவர் காலமானவர்கள். மூவருடைய இறந்த தேதியையும் சிவப்பு மையில் நானே பக்கத்தில் எழுதியிருந்தேன். அவர்களும் ஓட்டுப் போட்டார்கள்.

எங்கள் ஊரில் இதை யாரும் மோசடி என்று நினைப்பதில்லை. கோயில் கமிட்டித் தேர்தலாகட்டும், பள்ளிக்கூட மனுவாகட்டும், தலைவர் கையைத் தூக்கினால் மற்றவர்கள் தூக்குவார்கள். வர முடியாதவர்களுக்கும் சேர்த்து யாராவது தூக்குவார்கள். அதற்குப் பெயர் ஒற்றுமை.

செவ்வாய்க்கிழமைக் கடிதத்தை நான் வேலை நேரம் முழுக்கக் கைப்பேசியோடு சட்டைப்பையில் சுமந்தேன். மதிய இடைவேளையில் தோழியைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, என்னன்னு கேட்டு எழுதினேன். ஒரே மாதிரி ஈமெயிலாம். எல்லாத்துலயும் நம்ம சங்கத்துப் பேரு. யாரு செஞ்சது?"

"தலைவர் ஆளுங்க."

"லிஸ்ட் அவங்களுக்கு ஏது?"

"நான் குடுத்தேன்."

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை.

"அந்த முப்பத்தெட்டு வரியும் அழிச்சிட்டாங்க அண்ணே," என்றாள். "அந்த அம்மா எழுதினத தவிர ஒன்னுகூட நான் வாசிக்கல. முடிவு வந்த அப்பறந்தான் காட்டுறதா இருந்தாங்களாம்." வைத்துவிட்டாள்.

அன்று மாலை தலைவர் வீட்டுக்குப் போனேன். அமைப்பாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். இந்த வாக்குகளைச் சங்கம் போட்டது, எழுதியவருக்கு இதில் சம்பந்தம் இல்லை, தெரியவும் தெரியாது. அவர் கையெழுத்துப் போட்டால் போதும்.

"அலமாக், ஒரு வெளையாட்டுக்கு இவ்ளோ பேச்சா?" என்றார். "கையெழுத்துப் போட்டா சங்கத்து மானம் என்னாவறது? அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருசம் அவ பேர யாரு சேத்துக்குவா? கள்ள ஓட்டுக்காரின்னு எழுதி வச்சிருப்பாங்க."

"வெள்ளக்காரன் எழுதுறத எல்லாம் நீங்க ஏன் படிக்கிறீங்க? நாம ஜெயிச்சிருவோம்னு பயந்துட்டான். அதான் விசயம்."

என் கண் முன்னால், தன் கையிலிருந்த கைப்பேசியில், அவர் அந்தப் பேச்சை ஒரு வாக்கியமாகத் தட்டி முடித்ததைப் பார்த்தேன். மறுநாள் காலை அது ஊர் முழுக்கப் போய்விட்டது.

செயலாளர் என்ற முறையில் அந்தக் கடிதத்தில் நானே கையெழுத்திட்டு அனுப்பினேன். பட்டியலைக் கொடுத்தது நான் என்று எழுதினேன். முப்பத்தெட்டு பேரும் எந்த நாளில் எந்த மேசையில் ஆடினார்கள் என்று என் நோட்டிலிருந்து எடுத்து, ஒவ்வொருவர் சம்மதமும் கேட்டு, இணைத்தேன். ஒன்பது நாள் கழித்து பதில் வந்தது. எழுதியவர் மேல் குற்றம் இல்லை என்று குறித்துக்கொண்டார்களாம். ஆனால் நல்ல வாக்கையும் கெட்ட வாக்கையும் பிரிக்க ஆளோ நேரமோ இல்லையாம். பிரித்த பட்டியலை நான் கையில் கொடுத்திருந்தேன்! திறந்து பார்க்கக்கூட மனமில்லாதவர்கள் ரசிகர்களின் குரல் என்று எதைச் சொல்கிறார்கள்? தோழியின் விளையாட்டு இருந்த இடத்தில் இப்போதும் 'நீக்கப்பட்டது' என்ற சொல் மட்டும் இருக்கிறது. குற்றமில்லை என்ற குறிப்பு அந்தப் பக்கத்தில் இல்லை.

பங்குனி உத்திரத்துக்கு அடுத்த ஞாயிறு சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் ஆறாவது: உலக அளவில் இறுதிச் சுற்று வரை சென்ற நம் சகோதரிக்குப் பொன்னாடை. சகோதரி வரவில்லை. வரமாட்டேன் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தாள். தலைவர் அதைச் சொல்லாமல், வேலை காரணமாக வர இயலவில்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்து, பொன்னாடையைக் காலி நாற்காலிக்குப் போர்த்தினார். கைதட்டினார்கள்.

நான் எழுந்து, வாக்குகளைச் சங்கமே போட்டது, அதனால்தான் நீக்கினார்கள், இது கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும் என்றேன். காலமான மூவரின் பெயரையும் வாசித்தேன். ஒருவருடைய மகன் முன் வரிசையில் இருந்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தலைவர் சிரித்தார். இதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார். தூக்கினார்கள். அந்த மகனும் தூக்கினார்.

பின் வரிசையில் கழுத்துப்பட்டை தைக்கும் அம்மாள் கை தூக்கவில்லை. எழுந்து நின்றார்.

"தலைவரே, நான் ஏற்கனவே போட்டுட்டேன். எனக்கு பிடிச்சுது, நானே போட்டேன். எனக்காக நீங்க ஏன் மறுபடி போட்டீங்க?"

"உக்காருங்கம்மா. நல்லதுக்குத்தான் செஞ்சோம்."

"நான் கேட்டனா?"

யாரோ சிரித்தார்கள். யாரோ "விடுங்கக்கா, வெளையாட்டுதானே" என்றார்கள்.

"வெளையாட்டுதான்," என்றார் அம்மாள். "ஆனா நான் போட்ட ஓட்டு லா அது. என் ஓட்டு எங்க? எடுத்துக் குடுங்க, நான் போயிடறேன்."

தலைவர் என் பக்கம் திரும்பினார். நான் எழுதிக்கொண்டிருந்தேன். நேரம் பதினொன்று நாற்பத்திரண்டு. உறுப்பினரின் கேள்வியை அவர் சொன்னபடியே எழுதினேன். அதற்குக் கீழே, பதில் தரப்படவில்லை என்று எழுதினேன்.

"செயலாளரே, அத எழுதாதீங்க," என்றார் தலைவர்.

அதையும் எழுதினேன்.